உலர் அரைப்பு

ஜோஸ்பினுக்கு அரைத்து அரைத்து அலுத்துவிட்டது. வீட்டில் அரைப்பதைச் சொல்லவில்லை, அதற்கு கிரைண்டர் இருக்கிறது. பாடம் நடத்துகிற கல்லூரியின் ஆய்வகத்தில், அகேட் கல்லில் குடைந்த உள்ளங்கை அகலக் கல்வத்தில், சின்னக் குழவியை வைத்துக்கொண்டு ஏழெட்டு வருஷமாக அவள் அரைத்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன். மஞ்சள் நிற ஈய அயோடைடு கொஞ்சம், வெள்ளை நிறக் கரிம உப்பு கொஞ்சம். இரண்டையும் போட்டு அரைத்தால் ஆரஞ்சு நிறத்துக்கு வரவேண்டும். வந்ததை மரப்பெட்டிக்குள் வைத்து, கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, புற ஊதா விளக்கைப் போட்டால் பச்சையாக ஒளிரவேண்டும். ஒளிர்ந்தால் அது கலப்பினப் பெரோவ்ஸ்கைட். ஒளிராவிட்டால் அது வெறும் பொடி, கைவலிதான் மிச்சம்.

அது என்னது பெரோவ்ஸ்கைட் என்று கணவன் ஸ்டீபன்ராஜ் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் வைத்துக் கேட்டபோது, புரோட்டா மாதிரி என்று சொல்லிவைத்தாள். ஓர் அடுக்கு ஈய உப்பு, ஓர் அடுக்கு கரிம மூலக்கூறு, திரும்ப ஓர் அடுக்கு ஈய உப்பு. அடுக்கு சரியாக விழுந்தால் வெளிச்சம் வரும். அவர் அன்றிலிருந்து சொந்தக்காரர்களிடமெல்லாம், வீட்டுக்காரி வெளிச்சம் தருகிற புரோட்டாவில் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேலிதான், ஆனாலும் அதில் பெருமையும் இருந்தது.

உலகத்தில் மற்றவர்கள் இதைக் கரைப்பானில் கரைத்துப் படிகமாக்கினார்கள். ஜோஸ்பின் காய்ந்த பொடியாகவே அரைத்தாள். சுற்றுச்சூழல் மேல் பிறந்த அக்கறையால் ஒன்றும் இல்லை. அவர்கள் ஆய்வகத்தில் புகையை வெளியே இழுக்கும் விசிறியின் மோட்டார் எரிந்துபோய்க் கிடந்தது. கரைப்பான் பாட்டிலைத் திறந்தால் மாடி முழுக்க நாற்றம், முதல்வர் ஆள் அனுப்புவார். அப்படியானால் கரைப்பானே இல்லாமல் செய்வோம் என்று அவளுடைய வழிகாட்டி ஞானராஜ் சொன்னார். பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது அதற்குப் பசுமை வேதியியல் என்று பெயர் வைத்தார். ஆய்வுத் தலைப்பிலேயே 'கரைப்பானற்ற' என்ற வார்த்தை ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது 2009-ஆம் வருஷம் ஏப்ரல். ஞானராஜ் மே கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஜோஸ்பினின் பதிவுக்குக் கொடுக்கவேண்டிய நீட்டிப்பையெல்லாம் பல்கலைக்கழகம் கொடுத்துத் தீர்த்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டு ஆய்வேடு மே மாதத்துக்குள் உள்ளே போனால் அவள் டாக்டர் ஜோஸ்பின். போகாவிட்டால் பதிவு காலாவதி. அந்தத் துறையில் வழிகாட்டி வேறு யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க உடம்பில் தெம்பு இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

ஆய்வேடு முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது ஞானராஜின் வழக்கம் ஒன்றுதான். தன் அறையைவிட்டு எந்த ஆய்வேடும் இன்னொரு கை செய்து பார்க்காமல் போகக்கூடாது என்பார். ஒரு கையில் மட்டும் வந்தால் அது சமையல், இரண்டு கையில் வந்தால்தான் வேதியியல் என்று முப்பது வருஷமாக வகுப்பில் சொல்லி வந்தவர். அந்த இரண்டாவது கையாக எம்ஃபில் மாணவி நர்கீஸைக் கொடுத்தார். ஜோஸ்பின் செய்ததை அப்படியே திரும்பச் செய்வதுதான் நர்கீஸுக்கும் எம்ஃபில்.

நர்கீஸுக்கு வரவில்லை.

பேகம்பூரில் தோல் கிட்டங்கி வைத்திருக்கும் அப்துல் ஹக்கீமின் மகள். சுத்தமான பிள்ளை. தலையை முக்காட்டால் நெற்றிவரை இறுக்கிக் கட்டி, மூக்குக்கும் வாய்க்கும் துணி மாட்டி, கையுறை போட்டு, பொடி ஒரு துகள் மேலே படாமல் வேலை செய்வாள். ஈயம் பொல்லாதது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆனால் அரைத்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பெட்டிக்குள் வைத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கும், அவ்வளவுதான்.

ஜோஸ்பின் கோபக்காரி. அலுப்பு ஏற ஏறக் கோபமும் ஏறியிருந்தது. குனிந்து அரை, தோளிலிருந்து பாரத்தை இறக்கு, கல்வத்துக்கு நேர் மேலே முகம் வரவேண்டும், சாய்ந்து உட்கார்ந்து அரைப்பதற்கு இது வெற்றிலைப் பாக்கு இல்லை என்று தினம் ஒரு பாட்டு. தை மாதத்திலிருந்து இதே கதை. பங்குனியில் ஒரு நாள் ஞானராஜிடம் போய், அந்தப் பிள்ளைக்குக் கை சரியில்லை சார், வேற ஆளைப் பாருங்க என்றே சொல்லிவிட்டாள். கதவுக்கு வெளியே நர்கீஸ் நின்றிருந்தாள். கேட்டது கேட்டதுதான். மறுநாள் வழக்கம்போல் வந்து வழக்கம்போல் அரைத்தாள். வீட்டில் அவளுக்கு நத்தத்துப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எம்ஃபில் முடியட்டும் என்று அவள் கேட்டு வாங்கிய அவகாசம் அது. முடியாமல் போனால் படிப்பு அத்தோடு சரி.

ஜோஸ்பினுக்கும் ஆரம்பத்தில் வந்ததில்லை. அதை அவள் மறந்துவிடவில்லை. முதல் சில வருஷங்கள் வெறும் மஞ்சள் பொடியாகவே போயின. அப்புறம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று வர ஆரம்பித்தது. வந்தது என்றால் மழையிலும் வந்தது, மார்கழியிலும் வந்தது, தொட்டதெல்லாம் ஆரஞ்சு. கை பழகிவிட்டது என்று ஞானராஜ் சொன்னார். அவள் அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் வைத்ததன் பலன் என்று நினைத்தாள். இரண்டில் எது என்று ஆய்வேட்டில் எழுத முடியாது என்பதால் கை அசைவை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவைத்தாள்.

அந்த ஏப்ரல் மத்தியானம் அவள் நர்கீஸை எதிரில் உட்காரவைத்தாள். ஒரே பாட்டிலிலிருந்து எடுத்த பொடி, ஒரே நிறுவை, ஒரே மாதிரிக் கல்வம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அரைப்பது, எங்கே தப்பு என்று கண்ணால் பார்த்துவிடுவது. மின்வெட்டு நேரம். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அரைக்கும்போது மின்விசிறியைப் போடமுடியாது, பொடி பறக்கும். சன்னலையும் சாத்தித்தான் ஆகவேண்டும். மலைக்கோட்டைப் பக்கமிருந்து வெக்கை சுவரைத் தாண்டி வந்தது.

செத்த நேரத்தில் ஜோஸ்பினின் கல்வம் ஆரஞ்சுக்குத் திரும்பியது. நர்கீஸின் கல்வம் மஞ்சளாகவே கிடந்தது. அந்தப் பெண் சளைக்காமல் அரைத்துக்கொண்டுதான் இருந்தாள். குனிந்துதான் அரைத்தாள். மணிக்கட்டு சிவந்திருந்தது. கையில் குறை சொல்ல ஜோஸ்பினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"இங்க கொண்டா" என்று நர்கீஸின் கல்வத்தை இழுத்துத் தானே அரைக்க ஆரம்பித்தாள். கொஞ்சம்போல ஓட்டியதுமே மஞ்சள் நடுவில் ஆரஞ்சு வட்டம் ஒன்று விழுந்து விரிந்தது. பாத்தியா, என்று நிமிர்ந்தாள்.

நர்கீஸ் கல்வத்தைப் பார்க்கவில்லை. ஜோஸ்பினின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டியிருந்த துணியைக் கீழே இறக்கினாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. உங்க வேர்வை உள்ள விழுது."

ஜோஸ்பினின் தாடையிலிருந்து இன்னொரு சொட்டு இறங்கி அந்த வட்டத்தின் ஓரத்தில் விழுந்ததை இருவரும் பார்த்தார்கள்.

அவளுக்கு இரண்டு வருஷமாகத்தான் இப்படிச் சொட்டச் சொட்ட வேர்த்தது. மாதவிலக்கு நிற்கிற காலம். நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்தில் ஏறும், மார்கழிக் குளிரிலும் முகம் நனையும். எல்லாருக்கும் வருவதுதான் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். வகுப்பில், பஸ்ஸில், பூசையில் எழுந்து நிற்கும்போது, எங்கே வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது துடைக்கவும் முடியாது. வேர்வை ஆரம்பித்த வருஷமும் பொடி ஒளிர ஆரம்பித்த வருஷமும் ஒன்று என்பதை அவள் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. எந்தப் பொம்பளை சேர்த்துப் பார்ப்பாள்? உடம்பு படுத்தும் பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வரவேண்டும் என்றல்லவா அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

இருந்தாலும் அவள் வேதியியல்காரி. எழுந்துபோய் முகம் கழுவி, கைப்பையிலிருந்த துண்டை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள், கட்டிடத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறவளைப் போல. வாயையும் தாடையையும் சேர்த்து மூடினாள். புதுப் பொடி போட்டு, தோளிலிருந்து பாரத்தை இறக்கி, தான் எழுதிவைத்த முறைப்படி ஒரு பிசகில்லாமல் அரைத்தாள். மஞ்சள். இன்னும் அரைத்தாள். மஞ்சள். குழவியை வைத்துவிட்டு நர்கீஸிடம் தலையை அசைத்தாள். நர்கீஸ் சொட்டுக்குழாயால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரே ஒரு சொட்டு விட்டுக் குழவியை ஓட்டினாள். பொடி ஆரஞ்சாகிவிட்டது. கரண்ட் வந்ததும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பச்சை வந்ததில்லை. அழகாகத்தான் இருந்தது. ஜோஸ்பினுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது, அழுகை வருமளவுக்குக்கூடத் தெம்பில்லை.

ஞானராஜின் அறையில் அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. ஓய்வுபெறப் போகிற மனிதர், அலமாரியைப் பாதி காலி செய்திருந்தார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"காத்துல ஈரம் இல்லாத ஊரு எங்கம்மா இருக்கு? நீயா கரைப்பான்னு ஒண்ண எடுத்து ஊத்துனியா? ஒரு சொட்டு வேர்வைக்காக ஆருமே தீசிஸை நிறுத்துனது கெடையாது."

அவள் சொன்னாள்: ஒரு சொட்டு இல்லை சார், எந்தத் தடவை அரைத்ததில் எத்தனை சொட்டு விழுந்தது என்று தெரியாது. வேர்வையில் உப்பு இருக்கிறது, அது அடுக்குக்குள் போயிருக்கும். எடுத்த எக்ஸ்ரே, எடுத்த ஒளி அளவு எல்லாம் அந்த உப்பையும் சேர்த்து எடுத்தது. தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவேண்டும். தலைப்பை மாற்றவேண்டும், அதற்குக் குழு திரும்பக் கூடவேண்டும்.

அதற்கெல்லாம் நேரம் ஏது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைசியில் அவர் தாழ்ந்த குரலில், நர்கீஸை ஒரு சொட்டு விட்டு அரைக்கச் சொல், அதை அவள் எழுதவேண்டாம், இரண்டு கையிலும் வந்தது என்று இருக்கட்டும், அவளும் பாஸ், நீயும் டாக்டர் என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அலுத்துவிட்டிருந்தது. கடைசி மாணவியைக் கரையேற்றாமல் போக அவருக்கு மனசு வரவில்லை.

ஜோஸ்பின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பட்டம் வேண்டியிருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பெயருக்கு முன்னால் அந்த வார்த்தை வேண்டியிருந்தது, பணியாளர் கூட்டத்தில் நேற்று வந்த பிள்ளைகளையெல்லாம் டாக்டர் என்றும் அவளை மட்டும் மேடம் என்றும் கூப்பிடுவது நிற்கவேண்டியிருந்தது. வீட்டில் ஸ்டீபன்ராஜ் ரசம் வைத்து, வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கும் வறுத்து வைத்திருந்தார். இன்னும் ஒரு மாசந்தானே, தாக்குப்பிடி என்றார். அவள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். இத்தனை வருஷம் சமையற்கட்டில் நின்ற மனிதனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை நர்கீஸ் ஒரு தாளோடு வந்தாள். ஞானராஜ் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். தாளில் அரைப்பு முறை எழுதியிருந்தாள். உலர்ந்த நிலையில் அரைத்ததாகவும் முழுவதும் ஒளிர்ந்ததாகவும் அழகான கையெழுத்தில் இருந்தது. தண்ணீர் எங்கேயும் இல்லை. வழிகாட்டியிடம் போவதற்கு முன்னால் ஜோஸ்பின் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ். ஒரு வரிதானே" என்றாள். "நீங்க எம்புட்டு வருசமா கஷ்டப்பட்டீங்க."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் ஜோஸ்பினுக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் வன்மம் வைத்திருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

பேனாவைத் திறந்தாள். இந்த இரண்டு ஏடும் நூலகத்துக்குப் போகும். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஏதாவதொரு பிள்ளை எடுத்துப் படிப்பாள். தலையை மூடிக்கொண்டு, சொன்ன மாதிரியே குனிந்து, மணிக்கட்டு வீங்க அரைப்பாள். மஞ்சளாகவே இருக்கும். உனக்குக் கை சரியில்லை என்று யாராவது அவளிடம் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்று ஜோஸ்பினுக்கு நன்றாகவே தெரியும்.

"இதக் கிழிச்சுப் போடு. உலர அரைச்சா வரல, ஒரு சொட்டு தண்ணி விட்டா வருதுன்னு எழுது. என் வேர்வையையும் எழுது, வெக்கப்படாத."

"அப்ப நீங்க, மிஸ்?"

"எனக்குத் தூக்கமா வருதும்மா. நீ போய் எழுது."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. ஞானராஜ் அவள் முடிவைக் கேட்டு, மேசையில் அவர் கையெழுத்துக்காகக் கிடந்த அவளுடைய ஆய்வேட்டை எடுத்து அவளிடமே கொடுத்தார். நான் சொன்ன பேச்சை நீ காப்பாத்திட்ட, நான் காப்பாத்தல என்று மட்டும் சொன்னார். மே கடைசியில் அவருக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். அதே வாரம் அவள் பதிவு காலாவதியானது. ஸ்டீபன்ராஜிடம் சொன்னபோது அவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் எப்போதும்போல் காபி கொண்டுவந்து வைத்தார். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார்.

நர்கீஸின் வாய்மொழித் தேர்வு ஜூன் கடைசியில் நடந்தது. ஞானராஜ் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கதவோரத்தில் அப்துல் ஹக்கீம், எதுவும் புரியாவிட்டாலும் மகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்குக் கறாரான ஆள் என்று பெயர். ஆனால் பக்கத்தைப் புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது. தண்ணீர் விட்டதும் விடாததும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வேர்வை இருந்தது. அதன் உப்பு எக்ஸ்ரேயில் எங்கே தெரிகிறது என்பதும் இருந்தது. இது எம்ஃபில்லுக்கு மேலான வேலை என்று வாய்விட்டே சொன்னார். தோற்றதைத் தோற்றது என்று எழுதின ஏட்டைப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று, இது எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

நர்கீஸ் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள்.

"எங்க ஜோஸ்பின் மிஸ் ஏழெட்டு வருசமா அரைச்சது சார் இது. நான் கடைசியில ஒரு சொட்டு விட்டேன், அம்புட்டுத்தான். மறைச்சிருக்கலாம். அவங்கதான் எழுதச் சொன்னாங்க."

தேர்வாளர் ஏட்டை மூடிவிட்டுச் சபையைப் பார்த்தார். முகத்தில் மரியாதை தெரிந்தது.

"டாக்டர் ஜோஸ்பின் வந்திருக்காங்களா?"

கடைசி வரிசையில் இருந்தவள் எழுந்தாள். எல்லாரும் திரும்பினார்கள். ஞானராஜ் மட்டும் திரும்பவில்லை.

"நான்தான் சார். டாக்டர் இல்ல."

சொல்லும்போது வலிக்காது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வலித்தது.